திரும்பி வராத பீஸ்

1986 மே மாதம், இயேசு விண்ணுக்கு ஏறியதைக் கொண்டாடும் பரமேறுதல் திருநாள், வியாழக்கிழமை. பர்கூரில் காலை ஐந்தரைக்கு பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் ஓசூர் வண்டிக்கு மாறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். கூரை மேல் மாங்காய்க் கூடைகள், என் மடியில் பைபிள் பை. ஓசூரில் சாமுவேல் வீட்டில் பதினொரு மணிக்கு ஆராதனை. நடத்தவேண்டிய போதகர் நான்.

சாமுவேல் லேத் ஓட்டுகிறவன். குடித்துவிட்டு மனைவியை அடித்த நாளோடு குடியை விட்டான்; ஆராதனையில் அப்பம் வாங்குகிற திருவிருந்தையும் விட்டுவிட்டான். ஒரு வருஷமாயிற்று. “ஆண்டவர் மேலே போயிட்டாரு, நான் அழுக்கோட கீழே கெடக்கறேன்” என்று எழுதியிருந்தான். தாம் பிதாவிடம் போவதும், இனி நம் கண்ணில் படாமலிருப்பதுமே நீதிக்குச் சாட்சி என்கிறார் ஆண்டவர், யோவான் சுவிசேஷத்தில். அது எப்படி என்று இருபது வருஷம் பிரசங்கம் செய்த எனக்கே விளங்கியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆறே முக்கால், குருபரப்பள்ளி. ரஹ்மத்துல்லா என்ற பாய் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓசூரில் இரும்புப் பாகம் கடைகிற ஒரு சின்ன ஷெட்டில் வேலை. முகமெல்லாம் சிரிப்பு.

“திங்கக்கெழம அனுப்புன பீஸு இன்னும் திரும்பி வரலீங்க சார்!”

“அடடா, தொலஞ்சு போச்சா பாய்?” என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “தொலையலீங்க! பெரிய கம்பெனிக்கு சாம்பிள் அனுப்புவோம். தப்பிருந்தா செவப்பு பெயிண்ட் அடிச்சுத் திருப்பிருவாங்க. ரெண்டு தடவ வந்துருச்சு. சரியா இருந்தா அங்கயே வெச்சுக்குவாங்க. அந்த ஒண்ணு உள்ள போயிருச்சுன்னா எங்க ஷெட்டுக்கே ஆர்டர், கூட்டற அம்மா வரைக்கும் எல்லாத்துக்கும் வேல. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் வரலன்னா பாஸுதான். அப்பறம் ஓவர்டைம். சாயங்காலம் நான் தெனமும் திரும்பற ஆறு மணி பஸ்ஸுல என்னைப் பாக்க மாட்டீங்க.”

அதற்குப் பிறகு சூளகிரி வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

பதினொரு மணி. சாமுவேலின் லைன் வீட்டில் பதினைந்து பேர். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பாய் சொன்னதைச் சொன்னேன். “ஆண்டவர் திருப்பி அனுப்பப்படவில்லை. அங்கேயே இருக்கிறார். அந்த ஒருவருக்காக நாம் எல்லாரும் பாஸ்.”

சாமுவேல் லேசில் விடுகிறவன் அல்ல. “நல்லாத்தான் இருக்குதுங்கய்யா. ஆனா அவரு திரும்பி வருவாருன்னும் நீங்கதான சொல்றீங்க?”

“வருவாரு. நம்மளக் கூட்டிட்டுப் போக வருவாரு. ரிஜெக்ட் ஆகி வரமாட்டாரு” என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். “கைய நீட்டுங்க” என்றாள் அவள். நீட்டினான், நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையை. அதில் அப்பத்தை வைத்தேன்.

மாலை ஆறு மணி, ஓசூர் பஸ் நிலையம். நன்றி சொல்ல நினைத்து, பஸ்ஸின் முன்னும் பின்னும் இரண்டு தடவை பாயைத் தேடினேன். கண்டக்டர் விசில் ஊதும்வரை அவர் வரவில்லை. “ஸ்தோத்திரம்” என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு ஆள் வராததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.