பன்னிரண்டு ஐந்துக்குப் போட்ட ஊசி

1. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவோடு கொழும்புக் கோட்டையில் காலி ரயில் ஏறினோம்.
2. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு என் தோழிக்கு நான் இன்சுலின் ஊசி போட்டேன்.
3. அப்போது ரயில் நின்றுகொண்டிருந்தது.
4. சாப்பாடு பன்னிரண்டு மைலுக்கு அப்பால், காலியில் இருந்தது.
5. சீனி, ரயில் கார்டின் பெட்டியில் பூட்டியிருந்தது.

இவற்றில் மூன்றாவது மட்டும் என் கையில் இல்லாதது. மற்ற நான்கும் நான் திட்டமிட்டவை.

நான் வெள்ளவத்தையைச் சேர்ந்தவள். அப்போது மருந்து கலக்கும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் யார் எங்கே போவதென்றாலும் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்துவிடும். அந்தப் பயணத்துக்கு இரண்டு தாள் நிறைய எழுதியிருந்தேன்: ரயில், சாப்பாடு, ஆட்டம் தொடங்கும் நேரம், திரும்பும் ரயில், யார் கையில் எந்தப் பை. குழுவுக்குக் கை தட்டப் பெண்கள் ஆறு பேர் போவதாக இருந்தது. அந்த ஆறு பேரில் ஆட்டம் உண்மையிலேயே தெரிந்தவள் என் தோழி ஒருத்திதான். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சலரோகம். காலையும் மத்தியானமும் ஊசி போட வேண்டும்.

அவளுடைய தாயிடம் அனுமதி கேட்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்த அம்மா என் பட்டியலை வாங்கி முழுவதும் வாசித்தார்.

"பிள்ளை, ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள அவள் சாப்பிடோணும். பிந்தினால் என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே?"

"ஓம் மாமி. படிச்சனான்."

"படிச்சது சரி. கண்டிருக்கிறியோ?"

இல்லை என்றேன். அவர் உள்ளே போய், பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த சீனியில் மிச்சம் பிடித்ததை ஒரு சிறு டின்னில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். "இரத்தத்தில சீனி இறங்கினால் அந்தரத்துக்கு உதவும், வைச்சிரு" என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டியலைப் பார்த்தேன். ஊசி, மருந்துக் குப்பி, ஸ்பிரிட், பஞ்சு எல்லாம் 'மருந்து' என்ற தலைப்பின் கீழ். அவை என் கைப்பையில். சீனியை 'சாப்பாட்டுச் சாமான்' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். அந்தத் தலைப்பில் வேறு எதுவும் இல்லை. ஏனென்றால் வெளியூர் ஆட்டத்துக்கு வரும் கல்லூரிக்கு அந்த ஊர்க் கல்லூரிதான் மத்தியானச் சாப்பாடு போடும். அது எழுதாத சட்டம். போன வருடம் அவர்கள் கொழும்புக்கு வந்தபோது நாங்கள் போட்டோம். எங்களில் ஒருத்தி கட்லட் பொரித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். "கட்டுச் சாப்பாட்டோட போய் இறங்கினால் அவையள் என்ன நினைப்பினம்?" என்று சொல்லித் தடுத்தவளும் நான்தான். ஆகவே சீனி டின் தனியே, கொடிகளோடும் விளையாட்டுச் சட்டைகளோடும் பெரிய டிரங்குப் பெட்டிக்குள் போனது. டிரங்குப் பெட்டி கார்டின் பெட்டிக்குப் போனது.

பயணம் முழுக்கத் தோழி எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் கோல் காப்பாளரைப் பற்றி, "நல்ல மரியாதையான பொடியன், பந்து வந்தால் விலகி வழி விடுவான்" என்றாள். என் தாள்களைப் பார்த்து, "கோல் எத்தனை மணிக்கு எண்டு எழுத மறந்திட்டாய்" என்றாள்.

இக்கடுவையை நெருங்கும்போது ரயில் நின்றது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோட்டம். கீழே நடந்து போன கார்ட், பாதையில் தென்னை ஒன்று விழுந்து கிடக்கிறது, ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும் என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். எங்கள் குழுவினர் எல்லோரும் மரத்தை இழுக்கக் குதித்து ஓடினார்கள்.

மணி பன்னிரண்டு ஐந்து, பட்டியலில் ஊசிக்குப் போட்டிருந்த நேரம். நான் ஊசியை எடுத்தேன்.

"கொஞ்சம் பொறடி. றெயில் அசையட்டும்" என்றாள் தோழி.

"அஞ்சு நிமிசம் எண்டுதானே சொன்னவர்? நேரம் தவறக் கூடாது."

"நேரமோ சாப்பாடோ முக்கியம்?"

"ரெண்டும் லிஸ்டில இருக்கு. கையைக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள்.

பன்னிரண்டரைக்கும் ரயில் அசையவில்லை. ஒன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களில் வேறு யாருக்கும் வியர்க்கவில்லை. விரல்கள் நடுங்கத் தொடங்கின. கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது. "விடு. நீ ஆர் என்னைப் பிடிக்கிறதுக்கு?" என்று சீறினாள். அவள் என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியவள் அல்ல. பிறகு யாரோ பந்தை அடிக்கச் சொல்வதுபோல ஏதோ முணுமுணுத்தாள். சொற்கள் குழறின.

புத்தகத்தில் படித்த அத்தனையும் வரிசை தவறாமல் என் கண் முன்னால் நடந்தது. அடுத்த வரி மயக்கம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை என்பதும் தெரியும்.

எல்லாப் பைகளையும் சீட்டில் கொட்டினோம். பவுடர், சீப்பு, விசில், உப்பில் ஊறிய நெல்லிக்காய். இனிப்பாக ஒன்றுமில்லை. பெண்கள் பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிகளுக்குப் போக உள்ளே வழி கிடையாது. நான் சல்லிக் கற்களில் குதித்துப் பின்பக்கம் ஓடினேன். வழியில் இருந்த பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன, ஆட்கள் எல்லாம் மரம் பார்க்கப் போயிருந்தார்கள். கார்டின் பெட்டி பூட்டியிருந்தது. திறப்பு கார்டிடம், கார்ட் மரத்தடியில், இன்ஜினுக்கும் அப்பால். அவ்வளவு தூரம் ஓடித் திரும்ப நேரமிருக்காது என்று தோன்றியது. கதவை இரண்டு கையாலும் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை.

தோட்டத்துக்குள் ஓர் ஓலை வீடு தெரிந்தது. வாசலில் ஒரு சிங்களப் பெண் ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். வேலியைத் தாண்டி ஓடினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்காரரோடு பேசும் அளவுதான். அதுவும் அப்போது வாயில் வரவில்லை. "சீனி, சீனி" என்று மட்டும் சொன்னேன்.

"சீனி நே" என்றாள். அவள் வீட்டிலும் கூப்பன் சீனி முடிந்திருந்தது. நான் அங்கேயே இருந்து அழத் தொடங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "லெடக்த நங்கி?" என்று கேட்டாள். தங்கச்சி, யாருக்காவது சுகமில்லையா என்கிறாள் என்று விளங்கியது. ரயிலைக் காட்டினேன்.

அவள் உள்ளே போய், ஒரு கையில் தேத்தண்ணிக் கேத்தலும் மறு கையில் காய்ந்த இலையில் சுற்றிய பாதி ஹக்குருத் துண்டுமாக வந்தாள். சீனி இல்லாத காலத்தில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதானே எல்லோரும் தேநீர் குடித்தோம். "எண்ட, எண்ட" என்று என்னை வரச் சொல்லிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

பெட்டியில் என் தோழி, கூட வந்த ஒருத்தியின் மடியில் சரிந்து கிடந்தாள். நான் ஹக்குருவை உடைத்து அவள் வாய்க்குள் திணிக்கப் போனேன். அந்தச் சிங்களப் பெண் என் கையைத் தட்டிவிட்டாள். விழுங்க முடியாதவளுக்குத் துண்டைப் போட்டால் மூச்சு அடைக்கும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அவள் கேத்தல் மூடியில் ஹக்குருவை நசுக்கி, சொட்டுத் தேத்தண்ணி விட்டுக் கூழாக்கி, விரலால் தொட்டுத் தோழியின் கன்னத்தின் உட்பக்கத்தில் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். குழந்தையோடு பேசுவதுபோலச் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்கப் பயந்துபோய் இருந்தேன்.

தோழியின் தொண்டை அசைந்தது. விழுங்கினாள். பிறகு மூடியோடு கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். நெடுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்து, "ஏனடி அழுறாய்? தோத்திட்டமோ?" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து அழுதோம். அந்தப் பெண் மிச்ச ஹக்குருவை இலையோடு என் கையில் வைத்து மூடினாள். ரயில் ஊதியது. அவள் கேத்தலைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

காலியில் கார்டின் பெட்டி திறந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் அந்த டின் ஆடாமல் அசையாமல் இருந்தது. மேலே என் கையெழுத்தில் 'சீனி' என்று ஒட்டியிருந்தேன். தோழி சோறு சாப்பிட்டு முடிக்கும் வரை நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். அவள் தொண்டை கட்டும் வரை கத்தினாள். எனக்கு ஆட்டம் ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். "அம்மாட்டச் சொல்லாதை, பிறகு என்னை ஒரு மேட்சுக்கும் விடமாட்டா" என்று தோழி வாசலிலேயே மறித்தாள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறையும் யாராவது என்னை நம்பி அவளை அனுப்புவார்கள் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய், ஊசி போட்ட நேரம், டின் இருந்த இடம், அவள் பொறுக்கச் சொன்னது, நான் கேட்காதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி அவள் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப கண்டிட்டாய்."

"ஓம் மாமி."

"அடுத்த மேட்ச் எங்க?"

"கண்டியில மாமி."

"நீ போறதெண்டால் இவளும் வரட்டும். காணாத ஆளோட விடுறதிலும் பாக்க எனக்கு அது நிம்மதி."

தோழி இப்போது நலமாக இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். நான் ஒரு மருந்துச்சாலையில் வேலை செய்கிறேன். இன்சுலின் வாங்க வருகிறவர்களுக்கு அளவைச் சொல்லுமுன், சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி என்று சொல்லுகிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள், மறுபடியும் சொல்லுகிறேன். காலிக்குப் போகும்போதெல்லாம் இக்கடுவைக்கு முன்னால் ஜன்னலோரம் வந்து பார்ப்பேன். தோட்டங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, அந்த வீட்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டால் என்ன சொல்வது என்பதைச் சிங்களத்தில் சரியாகப் பேசக் கற்றுவைத்திருக்கிறேன்.