அண்ணி வாசித்த முகம்

பெரிய வெள்ளி நெருங்கும் நாட்களில் அண்ணி சன்னலோரம் நின்று, கோயிலில் வாசிக்கவேண்டிய வேத வாசகத்தைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பார். பட்டினப்பாக்கத்து உப்புக்காற்றில் தாள் படபடக்கும். அண்ணன் இறந்து நான்கு வருடமாகிறது, அண்ணி இன்னும் படிக்கிறார். அந்தக் குரலைக் கேட்டால் இருந்த இடமே மறந்து அந்த ஒரு மதியத்துக்குள் போய்விடுகிறேன்.

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று எசாயா இறைவாக்கினரின் வாசகம் எப்போதும் அண்ணிக்குத்தான். வரப்போகும் ஊழியர் ஒருவர் பிறருடைய நோவுகளைச் சுமப்பார், உருக்குலைந்த அவர் முகத்தைக் காணமாட்டாமல் மக்கள் திரும்பிக்கொள்வார்கள் என்று அதில் வரும். இயேசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவரைப் பற்றி எழுதப்பட்டது என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள். என்றோ போட்ட கடிதம் உரிய விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த மதியம் வந்த வருடம் அண்ணனுக்கு அடையாறு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய் வந்த இடப்பக்கத் தாடையை எடுத்துவிட்டார்கள். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் பேசித் திரிந்த மனிதர், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தார். சாப்பாடும் கதவைச் சாத்திக்கொண்டுதான். பார்க்கப் போனால் நான் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்த்தே பேசிவிட்டு வருவேன்.

அந்த வருடமும் அண்ணி சன்னலோரம் வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளேயிருந்து குழறலாகக் கேட்டார். "இன்னாம்மா, என்னியப் பத்தியா எழுதிக்கீது?"

அண்ணி தாளைத் தாழ்த்தினார். "இல்லீங்க, ஆண்டவரப் பத்தி. ஆனா அவரு வந்ததே உங்க முகத்த வாங்கிக்கத்தான்."

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் முகத்தில் துண்டோடு கோயிலுக்கு வந்து, மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைப் பற்றிய வரி வந்ததும் அண்ணியின் குரல் நின்றுபோனது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மேலே எங்கோ மிதந்தது. கனவில் நடப்பதுபோல் மெதுவாக அண்ணன் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். அண்ணி அவரைப் பார்த்தபடியே, தாளைக் குனிந்து பார்க்காமல், மிச்சத்தையும் வாசித்து முடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கொண்ட மக்களில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது.

வழிபாடு முடிந்து வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். அண்ணன் எல்லோர் நடுவிலும் நின்று குடித்தார். பாதி வழிந்தது. "இன்னா, சும்மா நின்னுகினு கீற? தொடச்சி வுடு," என்றார். அந்த முகத்தை ஒரு கையில் ஏந்தி, கண்ணெடுக்காமல் பார்த்து, என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.