தள்ளிப் பார்த்து வாங்கிய மூன்று சைக்கிள்கள்

1. ஆள் வராத கடை

குன்னூரில் சைக்கிள் கடை வைப்பவனுக்கு ஒன்று சொத்து இருக்கவேண்டும், இல்லை மூளை இல்லாமல் இருக்கவேண்டும் என்று எங்கள் முதலாளியே சொல்லுவார். அவருக்குக் கோயமுத்தூரில் சொத்து இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை மேலே வந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சூசை, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். பார்த்துக்கொள்ள நான் ஒருத்தன்தான். விற்பனை, ரிப்பேர், பஞ்சர், கூட்டிப் பெருக்குவது எல்லாம் நானே.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. இலை பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை என்று பல பேர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள்தான் ஓடின. வேலை தேடிக் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். தேயிலை படுத்தால் ஊரில் பேக்கரியும் படுக்கும், துணிக்கடையும் படுக்கும். சைக்கிள் கடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான் தனியாள். கடைக்குப் பின்னால் ஒரு அறை. கல்யாணம் ஏன் பண்ணவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஓய்ந்துவிட்ட வயது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கடையைத் திறந்தால், முன்னெல்லாம் எஸ்டேட் ஜனங்கள் சந்தைக்கு வந்த கையோடு எட்டிப் பார்ப்பார்கள். அந்த வருஷங்களில் அதுவும் நின்றது. ரேடியோவை நான் பாட்டுக்காக வைக்கவில்லை, யாராவது பேசட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவேல் வந்தார்.

2. இரண்டு ஸ்பிரிங்

கொலக்கம்பை பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். இலையை வாட விடுவதிலிருந்து தூளை மூட்டை கட்டுவதுவரை ஃபேக்டரிக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். மலை ஏறி வந்து பல வருஷம் ஆகியும் பேச்சு அன்னூரிலேயே இருந்தது. மனைவி சுமதி, ஒரே பெண் கவிதா. ஃபேக்டரி பாதி நாள் ஓட ஆரம்பித்ததும் சம்பளமும் பாதியானது. சுமதி கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெண்ணையும் அங்கேயே படிக்கவைத்தார். தங்கவேல் மட்டும் குவார்ட்டர்ஸில்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் கேட்டது, மேடு பள்ளத்தில் ஓடுகிற கியர் சைக்கிள், மூன்று.

கேட்டுவிட்டு நேராகப் போய் நின்றது எங்கள் கடையிலேயே மோசமான சைக்கிளிடம். முன்னால் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், பளபளவென்று சிவப்புப் பெயின்ட். பார்ப்பதற்குத்தான் மலை சைக்கிள். இரும்பு எடை. அந்த விலைக்கு வருகிற ஸ்பிரிங் குழியில் அடி விழாமல் தாங்காது, நாம் மிதிக்கிற மிதியில் பாதியைத் தின்றுவிடும். முதலாளி அதைத் தள்ளிவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு வாய் சும்மா இராது. இது ஃபோட்டோ பிடிக்க நல்லா இருக்கும், வேறு எதற்கு வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லீவுக்குக் குடும்பம் மேலே வரும், எஸ்டேட் ரோட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஓட்டவேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன லீவுல புள்ளைக்குப் போரடிக்குதுன்னு பாதியிலயே கிளம்பிட்டாங்க. இந்தத் தடவையும் அப்படிப் போனாங்கன்னா, அப்புறம் வரவே மாட்டாங்கன்னு தோணுதுங்க."

கையில் இருந்த பணம் ஒரு நல்ல சைக்கிளுக்கு மேலே, மூன்றுக்குக் கீழே. அந்த ஆளுக்கு அந்தச் சிவப்பு சைக்கிளை விற்க எனக்கு மனசு வரவில்லை.

3. தள்ளுகிற சோதனை

இளம் மெக்கானிக்குகள் இதைக் கவனமாகப் படிக்கவும். சமவெளியில் சைக்கிள் வாங்குபவன் ஓட்டிப் பார்த்து வாங்குவான். மலையில் தள்ளிப் பார்த்து வாங்கவேண்டும். ஏனென்றால் குடும்பத்தோடு எஸ்டேட் ரோட்டில் போகிறவர்கள் ஓட்டுகிற நேரத்துக்குக் குறையாமல் இறங்கித் தள்ளுவார்கள். எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே சர்ச்சுக்கு ஏறுகிற மேடு ஒன்று. யார் வந்தாலும் சைக்கிளைக் கையில் கொடுத்து, மேலே போய்த் தொட்டுவிட்டு வாருங்கள் என்பேன். சில பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

தங்கவேல் சிவப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அடுத்து ஸ்பிரிங்கே இல்லாத ஒன்றைக் கொடுத்தேன். அதைத் தள்ளிவிட்டு வந்தவர் சிவப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

மற்ற சங்கதிகளையும் சொன்னேன். கியர் எத்தனை என்று எண்ணாதே. முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரம் எவ்வளவு சின்னது, பின்னால் இருக்கிற பெரியது எவ்வளவு பெரியது, அதைப் பார். மேட்டில் மிதி லேசாவது அதனால்தான். ரிம் அலாயாக இருக்கட்டும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் வழுக்கும், நம் ஊரில் எது நனையாமல் இருக்கிறது? பெண்களின் கைக்கு பிரேக் லீவர் எட்டவேண்டும், எட்டாவிட்டால் உள்ளே தள்ளிவைக்க ஒரு ஸ்குரூ இருக்கிறது. மண்ணைப் பிடிக்க டயரில் இருக்கிற பட்டன் தடித்து இருந்தால் போதும். பிராண்டுக்குக் கொடுக்கிற காசை பிரேக்குக்குக் கொடு.

கடைசியில் உயரம் கேட்டேன். சைக்கிளை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து நின்றால் பாருக்கும் ஆளுக்கும் நடுவே கை நுழைகிற இடம் வேண்டும். பெற்றவர்கள் இங்கேதான் தப்புப் பண்ணுவார்கள். யூனிஃபார்ம் பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைப்பதுபோல, வளருகிற பிள்ளைதானே என்று பெரிதாக வாங்குவார்கள். கரடுமுரடான இறக்கத்தில் கால் தரைக்கு எட்டாத பிள்ளை எங்கே விழும் என்று யாரும் யோசிப்பதில்லை.

"பொண்ணு எவ்வளவு உயரமுங்க?"

அவர் கையைத் தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார்.

எப்போது இவ்வளவு இருந்தாள் என்று கேட்டேன். கை கொஞ்சம் இறங்கியது, பிறகு கொஞ்சம் ஏறியது. அவருக்கே நிச்சயமில்லை. நான் எதிரே இருந்த எஸ்டிடி பூத்தைக் காட்டினேன். கேட்டுவிட்டு வாருங்கள், ஊகத்துக்கு சைக்கிள் கொடுக்கமாட்டேன் என்றேன்.

பேசிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"புள்ள எங்கூட்டுக்காரி செருப்பத்தான் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போறாளாமாங்க. அவங்கம்மா உசரமே வந்துட்டாளாமா. எனக்குத் தெரியலீங்க."

நான் டீ போட உள்ளே போனேன். அந்த மாதிரி நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது.

4. ஞாயிற்றுக்கிழமைகள்

சுமதிக்குப் புதிது ஒன்று எடுத்தோம். கவிதாவுக்கு, போர்டிங் ஸ்கூல் ஒன்றில் கழித்துப் போட்டது. ஃபிரேம் நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் நான் மாற்றினேன். மூன்றாவது தங்கவேலுக்கு, ஒரு பழைய பெரிய ஃபிரேம். அதற்கு அங்கே இங்கே சாமான் பொறுக்கிப் பூட்டினேன். சிவப்பு சைக்கிள் கடையிலேயே கிடந்தது. முதலாளி என்னைத் திட்டினார்.

வேலை முடிய மே மாதம்வரை ஆனது. உண்மையைச் சொன்னால், நான் வேகமாக முடித்திருக்கலாம். அவரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ் பிடித்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். எஸ்டேட் ரோட்டில் நடுவழியில் பஞ்சர் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்கு ட்யூப் ஒட்டக் கற்றுக்கொடுத்தேன். செயின் அறுந்தால் கோக்கச் சொல்லிக்கொடுத்தேன். டீ மேக்கர் கை, சீக்கிரம் பழகியது.

என் டீயை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. முதல் வாய் குடித்ததும் முகம் போகிற போக்கைப் பார்த்து நானே சிரித்துவிடுவேன். "ஏனுங்க சூசையண்ணா, ஃபேக்டரில கூட்டிக் கொட்டுறதத்தான் உங்களுக்கு விக்கிறாங்க" என்பார். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் நல்ல தூள் கொண்டுவந்தார். அது தீரும்வரை நான் அவர் வரும்போது மட்டும்தான் அதைப் போட்டேன். தனியாகக் குடிக்க அது எதற்கு?

குவார்ட்டர்ஸில் சமைப்பதே இல்லை என்று ஒருநாள் சொன்னார். ஒருத்தனுக்குச் சமைத்தால் பாதி வீணாகிறது என்றார். எனக்கு அது தெரியும். அன்று இரண்டு பேருக்கு உப்புமா கிண்டினேன்.

5. மேடு

மே மாதம் குடும்பம் வந்தது. சீட் உயரம் வைப்பதற்காக மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். கவிதா நெடுநெடுவென்று அம்மாவுக்குச் சமமாக நின்றாள். சுமதி அதிகம் பேசவில்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் புது வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரையும் சைக்கிளோடு மேட்டுக்கு அனுப்பினேன். "ஓட்டச் சொல்லுவீங்கன்னு பாத்தா தள்ளச் சொல்றீங்க" என்று கவிதா முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

முதல் நாள் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க நானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். அன்று கடை விடுமுறை. இலை லாரி போகிற மண் ரோடு. லாரி குறைந்துபோனதால் நடுவில் புல் முளைத்திருந்தது. இரண்டு பக்கமும் பறிக்காமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே போவது தங்கவேலுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கவிதா முதல் இறக்கத்தில் கத்தினாள், இரண்டாவது இறக்கத்தில் சிரித்தாள். அப்பாவை முந்திப் போய் நின்று, மெதுவாக வருகிறார் என்று கேலி பண்ணினாள். தங்கவேல் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு பெரிய ஏற்றம் வந்தது. எல்லோரும் இறங்கினோம். நானும் கவிதாவும் முன்னால், அவர்கள் இரண்டு பேரும் பின்னால். ஓட்டும்போது குடும்பம் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடும், தள்ளும்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். சுமதி பேச ஆரம்பித்தார். கேட்கக்கூடாது என்று நான் கவிதாவின் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தேன். அதனாலேயே அவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள், நன்றாகவே கேட்டது.

"ஃபேக்டரி மூடுறப்ப மூடட்டுங்க. நீங்க இப்பவே கீழ வந்துருங்க."

"வந்து என்ன வேலை செய்யறது சுமதி? எனக்குத் தெரிஞ்சது தேயிலை ஒண்ணுதான்."

"எதோ ஒண்ணு. புள்ள இன்னும் எத்தன வருசம் நம்ம ஊட்டுல இருப்பா? அவ உசரம் கேக்க நீங்க ஃபோன் பண்ணுன மறுநாளு நான் பள்ளிக்கூடத்துல பாடமே நடத்துலீங்க."

சைக்கிள் தள்ளுகிற சத்தம் மட்டும் வந்தது. கவிதா திரும்பிப் பார்க்காமல், தன் சைக்கிளின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் தண்ணீர் பாட்டிலை முதலில் அப்பாவிடம் கொடுத்தாள். அந்த லீவில் அவர்கள் கடைசி நாள்வரை இருந்தார்கள்.

6. கீழே போன வண்டி

ஜூன் மழையில் தங்கவேல் வேலையை விட்டார். மேட்டுப்பாளையம் போகிற காரட் லாரி ஒன்றில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து, கடை வாசலில் நிறுத்தினார். மூன்று சைக்கிளும் மேலே கட்டியிருந்தது. விற்றுவிட்டுப் போகலாமே, அங்கே எங்கே மலை என்று கேட்டேன். கவிதா விற்கவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், மருதமலைப் பக்கம் போய் ஓட்டலாம் என்கிறாள் என்றார்.

செயின் மூன்றுக்கும் எண்ணெய் விட்டேன். அதற்கு அவசியமே இல்லை, போன வாரம்தான் விட்டிருந்தேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"நீங்களும் ஒரு நாளைக்குக் கீழ வாங்கண்ணா. நான் நல்ல டீ போட்டுத் தர்றேன்."

வருகிறேன் என்றேன். போகவில்லை. வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் வைத்திருந்தேன். பல்பொடி கம்பெனி ஒன்றில் ஸ்டோரில் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனசு நிறைந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கடையைத் திறந்தேன். ஒருத்தரும் வரவில்லை. அந்த ஆள் தன் குடும்பத்தை மேலே வரவைக்கத்தான் சைக்கிள் வாங்கினார், அவர்கள் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அவர்மேல் கோபமில்லை. என் கைமேல்தான் கோபம் வந்தது. அந்தச் சிவப்பு சைக்கிளையே விற்றிருந்தால் வாரத்துக்கு ஒரு ரிப்பேர் என்று இன்னும் வந்துகொண்டிருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

இதைப் படிக்கிற தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நம் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்தால் கஸ்டமர் திரும்பி வரமாட்டார். பாதி வாரத்துக்குக் கடையில் பேச ஆள் இருக்காது. அதற்காகப் பிரேக்கை ஒரு சுற்றுக்கூட லூசாக விடாதீர்கள்.