டேங்குக்குள் குதித்தால் மூன்று ஸ்டார்

பாதுகாப்பு அதிகாரியை எவருக்கும் பிடிக்காது. வேலை செய்கிறவருக்கு நான் தடை, வேலை வாங்குகிறவருக்கு நான் செலவு. இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிற மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் பங்குக்கு நீங்களும் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு யார்டில் எனக்கு வேலை. துறைமுகத்திலிருந்து காலியாக வரும் டேங்க் கன்டெய்னர்களை இங்கே கழுவுகிறோம். எண்ணெய், பசை, ரசாயனம் என்று ஒவ்வொரு டேங்கும் ஒவ்வொன்றைச் சுமந்து வந்திருக்கும். சுடுதண்ணீர் பீய்ச்சியும் போகாத கசடை, டேங்கின் தலையில் இருக்கும் மேன்ஹோல் வழியாக ஓர் ஆள் இறங்கிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று சில நேரம் ஆளையே சாய்த்துவிடும். நாற்றம் அடித்தால் எச்சரிக்கையாக இருக்கலாம். பல நேரம் நாற்றம்கூட இருக்காது.

அதனால் எத்தனை விதிகள் இருந்தாலும் நான் உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். உள்ளே ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இறங்கக் கூடாது. சைரனை அழுத்த வேண்டும், விழுந்தவரின் பெல்ட்டில் மாட்டிய கயிற்றை வின்ச் என்கிற கைராட்டினத்தில் சுற்றி மேலே இழுக்க வேண்டும். ‘அவரைக் காப்பாற்ற இறங்கிய மற்றொருவரும் மூச்சுத் திணறி’ என்று பேப்பரில் அடிக்கடி ஒரு வரி வருமே, அது எங்கள் யார்டைப் பற்றி வரக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான். அதற்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பாலு வந்தான்

முன்பெல்லாம் தினமும் காலையில் எல்லோரையும் டேங்க் நிழலில் நிற்கவைத்து நான் பேசுவேன். கத்துவேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் கம்ப்ரெசர், கத்தாமல் என்ன செய்வது? ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து கார்த்திகேயன் வந்தார். பயிற்சித் துறை மேலாளர், ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு டேங்க் கழுவும் யார்டுக்கு வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். இனி காலைப் பேச்சு தேவையில்லை, எல்லாம் இ-லேர்னிங், தொழிலாளர்கள் டேப் என்கிற தொடுதிரைப் பலகையைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று அறிவித்தார்.

டேப்பைத் திறந்தால் பாலு என்று ஒரு கார்ட்டூன் பையன், தலையில் மஞ்சள் ஹெல்மெட். ‘தொட்டியினுள் நுழைவதற்கு முன்னதாக வளிமண்டலத்தின் தன்மையினை உறுதிசெய்திடுக’ என்றான். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள், வேறு என்ன செய்வார்கள் பாவம். ராயபுரத்துக்காரர் அந்தோணி மேஸ்திரி, எங்கள் கூட்டத்துக்கே மூத்தவர், கடைசிவரை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார்:

“கரீட்டாதான் பேசறான் மேடம். ஆனா யாராண்ட பேசிகினு கீறான்னுதான் பிரியல.”

மசால் வடைப் பரீட்சை

பாடம் முடிந்ததும் பத்துக் கேள்வி. பாஸானால்தான் கேட் பாஸ் வேலை செய்யும். இல்லையென்றால் இரும்புக் கதவு நகராது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒருநாளாவது கூலிக்குப் போயிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். மூர்த்தி என்று ஓர் ஆள், வருஷக்கணக்காக டேங்க் கழுவும் காஸ்டிக் காரத்தில் ஊறிய கை. அவர் விரலை வைத்தால் டேப்பின் திரைக்கு அது விரல் என்றே தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நேரம் முடிந்து, சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

ஆனாலும் ஒரே வாரத்தில் எல்லோரும் பாஸ். எனக்குச் சந்தேகம் வந்து கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் டில்லிபாபு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கூட்டத்திலேயே சின்ன வயசு, துடியான பையன், மூர்த்தி என்றால் அவனுக்கு உயிர்; வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். அவன் மடியில் டேப், பக்கத்தில் மசால் வடைத் தட்டு, சுற்றி நம் ஆட்கள் டீ குடித்தபடி வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல, இவன் கேள்வியைப் படிக்காமலே இடம் பார்த்துத் தட்டி பாஸாக்கிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு வடை. எனக்கு வந்த கோபத்தில் டேப்பைப் பிடுங்கிவிட்டேன். அவன் பயப்படவே இல்லை, எழுந்து நின்று சொன்னான்:

“மூர்த்தியண்ணன் பாஸாவலன்னா கேட்டு தொறக்காது மேடம். கேட்டு தொறக்கலன்னா அவரு வூட்டுல அடுப்பு எரியாது. இப்ப இன்னா பண்ணணுன்றீங்க, நீங்களே சொல்லுங்க.”

கேக்

டேப்பை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். பதில் சொல்ல வேண்டியவர் கார்த்திகேயன் என்று அவரிடம் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் அவரே வந்துவிட்டார், கேக்கோடு. எல்லா யார்டுகளிலும் நூற்றுக்கு நூறு பாஸானது எங்கள் யார்டுதானாம். கேக்கின் மேல் க்ரீமில் மஞ்சள் ஹெல்மெட். என்னைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ வேறு எடுத்தார்கள். அதில் நான் வாயில் வேப்பங்காயை வைத்துக்கொண்டு நிற்பது போல் இருப்பேன்.

கேக் வெட்டி முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே ஆள் எழுதுகிறான், பாடம் யார் மண்டையிலும் ஏறவில்லை, காலைப் பேச்சையாவது திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டேன். கார்த்திகேயன் டிஷ்யூ பேப்பரில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“டேட்டா அழகா இருக்கு மேடம், அதை ஏன் கிளறணும்?”

சுவாரசியம் கூட்டினார்கள்

நான் சொன்னதில் ஒன்று மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது, பாடம் போரடிக்கிறது என்பது. உடனே புதுப் பாடம் வந்தது, விளையாட்டு வடிவத்தில். பாலு டேங்கின் மேல் நிற்பான், உள்ளே நண்பன் மயங்கி விழுவான், ஓரத்தில் நேரம் ஓடும். இரண்டு பொத்தான்கள்: ‘குதி’, ‘சைரன்’. குதியைத் தட்டினால் பாலு பாய்ந்து இறங்கி நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். மூன்று ஸ்டார், கைதட்டல், திரை முழுக்கப் பூமழை. சைரனைத் தட்டினால் உதவிக்கு ஆள் வருவதற்குள் நேரம் தீர்ந்துபோய் ‘தோல்வி, மீண்டும் முயல்க’ என்று வரும்.

முதல் தடவை பார்த்தபோது என் கண்ணையே நான் நம்பவில்லை. நான் உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரே விதியைத் தலைகீழாக்கி, அதற்குக் கைதட்டலும் வைத்திருக்கிறார்கள்! ஆட்கள் இந்த முறை டேப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போட்டி போட்டு விளையாடினார்கள். டில்லிபாபுதான் முதலிடம், அவன் பெயர் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். நான் கேட்டருகில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் ‘குதிக்காதே, அது பொய்’ என்று சொல்லிப் பார்த்தேன். பாவம், மேடத்துக்கு விளையாட வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மெயில் மேல் மெயில் போட்டு, கடைசியில் பாடத்தைத் தயாரித்த நிறுவனத்தோடு ஒரு போன் பேச்சுக்கு ஏற்பாடு ஆனது. மறுமுனையில் ஓர் இளைஞன், நல்ல பிள்ளையாகத்தான் பேசினான். டேங்க் கன்டெய்னரை நேரில் பார்த்திருக்கிறாயா தம்பி என்றேன், படத்தில் பார்த்திருக்கிறேன் என்றான். அந்த ஒரு திரையை மட்டும் மாற்று, குதித்தால் இரண்டு பேரும் செத்துப்போவதாகக் காட்டு என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“சைரன அழுத்திட்டு சும்மா நிக்கிற ஹீரோவை யாருங்க மேடம் பார்ப்பாங்க?”

மேன்ஹோல் வாசலில்

பயந்தது நடந்தது. ஒரு முற்பகலில் மூர்த்தி பெல்ட்டும் கயிறும் மாட்டிக்கொண்டு ஒரு டேங்கில் இறங்கினார். இறங்குவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது காற்று சரியாக இருந்தது. அடியில் படிந்திருந்த கசடைச் சுரண்டியதும் அதற்குள் அடைபட்டிருந்த ஆவி கிளம்பியிருக்கிறது. மேலே காவலுக்கு நின்ற அந்தோணி மேஸ்திரி எட்டிப் பார்த்து, “மூர்த்தி! டேய் மூர்த்தி!” என்று அலறியது பக்கத்து டேங்கருகே நின்ற எனக்குக் கேட்டது. நான் திரும்புவதற்குள் கீழே ஹோஸ் பிடித்திருந்த டில்லிபாபு ஏணியில் பாய்ந்துவிட்டான். முகமூடி இல்லை, பெல்ட் இல்லை. நேரே போய் மேன்ஹோலுக்குள் ஒரு காலை விட்டான்.

மேஸ்திரி ஒரு கையால் சைரனை அழுத்திக்கொண்டு மறு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. சைரனை விட்டுவிட்டு இடுப்பைக் கட்டிப் பிடித்தார். “உடு மேஸ்திரி, அண்ணன் கீறாரு உள்ள!” என்று அவன் உதைக்கிறான், இருவரும் சேர்ந்து கீழே விழப் பார்க்கிறார்கள். நான் எப்படி மேலே ஏறினேன் என்று இன்றும் தெரியாது. வின்ச் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். கைப்பிடி இறுகிக்கொண்டு போனது, கயிறு மட்டும் மெல்ல மெல்ல ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே சுற்றினேன். வின்ச்சை, டேங்கை, பாலுவை, கண்ணாடிக் கட்டடத்தை. மூர்த்தி வெளியே வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது.

அவரை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், டில்லிபாபு கிழிந்த சட்டையோடு தரையில் குந்தியிருந்தான். அறைந்துவிடலாம் என்றுதான் போனேன், கையையும் ஓங்கிவிட்டேன். எத்தனை தடவை சொன்னேன், ஏன்டா காலை விட்டாய் என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

“குதிச்சாதான மேடம் மூணு ஸ்டாரு குட்துச்சு? நின்னுகினு இருந்தவனைத்தான தோத்துட்டன்னு சொல்லிச்சு?”

ஓங்கிய கையை நான் கீழே இறக்கினேன். அந்த அறையை வாங்க வேண்டிய கன்னம் வேறு.

விசாரணை

கண்ணாடிக் கட்டடத்தில் விசாரணை வைத்தார்கள். ஏசி குளிரில் பெரிய மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நான் டேப்பைக் கார்த்திகேயன் முன் வைத்து, நீங்களே ஒருமுறை விளையாடுங்கள் சார் என்றேன். தயங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விளையாடினார். நேரம் ஓடத் தொடங்கியதும் சட்டென்று குதியைத் தட்டினார்! அந்த அமைதியான அறையில் கைதட்டல் சத்தமும் பூமழையும். நீங்கள் செத்துவிட்டீர்கள் சார், உங்கள் நண்பரும் செத்துவிட்டார் என்றேன். ஒருவர் செருமினார், ஒருவர் பாட்டிலைத் திறந்தார்.

முடிவு என்ன தெரியுமா? திரையை மாற்ற ஒப்பந்தத்தில் இடமில்லையாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம். திருத்த நடவடிக்கையாக எல்லோரும் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்துப் பாஸாக வேண்டுமாம். இரண்டு உயிர் போகவிருந்தது என்று மேஜையைத் தட்டிவிட்டேன், எனக்கே கை வலித்தது. கார்த்திகேயன் குரலை உயர்த்தவே இல்லை:

“டில்லிபாபு ஃபுல் மார்க் வாங்கினவர் மேடம். அப்புறம் எப்படி இது பயிற்சிக் குறைபாடு ஆகும்? தனிமனிதத் தவறுன்னு போட்டுக்கலாம்.”

மீண்டும் முயல்க

மூர்த்தி உடம்பு தேறி வேலைக்கு வந்தார். அவர் அட்டையைத் தேய்த்தால் கேட் நகரவில்லை, பாடம் பாக்கியாம். டேங்குக்குள் விழுந்து மீண்டு வந்த மனிதருக்கு டேங்க் பாதுகாப்புப் பாடம் பாக்கி! செக்யூரிட்டி டேப்பைக் கொடுத்தார். மூர்த்தி விரல் முட்டியால் பொறுமையாக அழுத்திக்கொண்டே போனார். பாலுவின் நண்பன் மயங்கி விழுந்தான். மூர்த்தி சைரனை அழுத்தினார். தோல்வி, மீண்டும் முயல்க. மறுபடி சைரன். மறுபடி தோல்வி. பக்கத்தில் நின்ற டில்லிபாபு பொறுக்க முடியாமல், “அண்ணே, சும்மா ஸ்கிரீன்லதான, ஒருதபா குதிச்சுட்டு உள்ள வாண்ணே” என்று கெஞ்சினான். மூர்த்தி மூன்றாவது தடவையும் சைரனைத்தான் அழுத்தினார்.

என் அட்டையைத் தேய்த்துக் கேட்டைத் திறந்தேன். மெமோ வரும், வரட்டும், மாட்டிவைக்க ஆணி இருக்கிறது. மூர்த்தி உள்ளே வரவில்லை. டேப்பைச் செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று சொன்னார்:

“உள்ள கெடந்தவன் நானு மேடம். இவன் குதிச்சிருந்தா கண்டி இவனும் இல்ல, இவன இஸ்துகினு கெடந்த நேரத்துல நானும் இல்ல. ஸ்கிரீனா இருந்தா இன்னா, எனுக்கு அந்தப் பட்டன்ல கை போவல.”

எங்கள் தொழிலில் இப்போது சரியாகச் செய்கிறவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார், தப்பாகச் செய்கிறவருக்குப் பூமழை பொழிகிறது, நடுவில் நின்று தொண்டை வற்றக் கத்துகிற ஒருத்திக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர்.