பலிக்காத வேண்டுதலுக்குச் சைக்கிள் மிதித்தவள்

முதல் ஷிப்டு முடிந்து நான் கம்பெனி வாசலுக்கு வந்தபோது பிலோமியின் தம்பி மொபெட்டில் காலை ஊன்றியபடி நின்றிருந்தான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் அவனை இடித்துக்கொண்டு போனது. என்னைப் பார்த்ததும் கையை மட்டும் விரித்தான்.

"எப்ப?" என்றேன்.

"காலையிலதாங்க்கா. கம்பெனிக்குப் போன் போட்டேன். லைன்ல வேல செய்யறவங்கள கூப்ட முடியாதுன்னுட்டாங்க."

நான் அழவில்லை. எட்டு மணி நேரம் நின்ற கால்கள் முதலில் உட்கார இடம் தேடின. காவலாளி தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அதில் உட்கார்ந்து "சரி, போலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காமலே இருந்தேன். அவனும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மொபெட்டின் பின்னால் ஏறிக் கெலமங்கலம் போய்ச் சேரும்வரை எனக்கு இருந்தது துக்கம்கூட இல்லை, வெறும் அசதி. மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அலைந்த அசதி. இனி அலைய வேண்டாம் என்று உடம்பு முதலில் புரிந்துகொண்டது, மனசு பிறகுதான்.

நம் பங்குக் கோவில் இதழில் இதைப் படிக்கிற பலருக்குப் பிலோமியைத் தெரியும். கோவிலில் இடதுபக்கத் தூணோரம் நின்று பாட்டுக்குழுவை முந்திக்கொண்டு பாடுகிறவள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஊரிலிருந்து வைக்கோல் கொண்டுவருகிறவள். தெரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன். பிலோமினா கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஜெபம் தமிழில். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். நான் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். கம்பிச் சுருள் சுற்றும் லைனில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. கன்னியர் நடத்திய விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலும் அவளுடையதுதான். என்னை அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை. "ஏ தெரேசா" என்பாள். நானும் பதிலுக்கு "என்னட்டி" என்பேன். ஒரே வயதுக்காரிகள், ஒரே மாதிரிப் பிடிவாதக்காரிகள்.

டிரெய்னிங் முடிந்ததும் சிலரை நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கன்பர்மேஷன் என்று பெயர். விடுதியில் எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான். நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போகும் குழு அப்போதுதான் தொடங்கியிருந்தது, உபதேசியார் சவரிமுத்து ஐயாவின் முயற்சியில். பிலோமியும் நானும், எங்கள் லைனுக்கு மெஷின் பார்க்கும் பிட்டர் அந்தோணியும் சேர்ந்து வேண்டிக்கொண்டோம். கன்பர்ம் ஆனால் ஓசூரிலிருந்து சைக்கிள் மிதித்தே மாதா சந்நிதிக்கு வருகிறோம் என்று.

எனக்கு ஆனது. அந்தோணிக்கு ஆனது. அவளுக்கு ஆகவில்லை. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கைவேகம் என்னைவிட அதிகம், அது லைனில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போய் அம்மாவிடம், "கன்பர்மேஷன் ஆவலம்மா" என்று சொல்லியிருக்கிறாள். கோவிலில் உறுதிபூசுதல் என்கிற கன்பர்மேஷன் ஒன்றுதான் அந்த அம்மாவுக்குத் தெரியும். "அதான் ஆயரு வந்து சின்ன வயசுலயே நெத்தியில தைலம் பூசிட்டாரே, இன்னொரு வாட்டி எதுக்கு?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அன்று அவள் விடுதிக்கு வந்தது டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக. பெட்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

"எப்ப கெளம்பறோம்?"

"எங்க?"

"வேளாங்கண்ணிக்கு. வேற எங்க, துபாய்க்கா?"

"ஒனக்குத்தான் ஆகலையேட்டி."

"ஆவல. அதுக்கு?"

 மறுநாள் லைனில் இதைச் சொன்னதும் அந்தோணிக்குச் சிரிப்பு. "சாப்பாடே வரல, பில்லு கட்றேன்னு நிக்குது பாரு இந்தப் பொண்ணு" என்று கேலி செய்தான். உபதேசியார் ஐயா தயங்கினார். வேண்டுதல் பலிக்காத ஒருத்தி கூட வந்தால் மற்றவர்கள் மனசு சோர்ந்துபோகும் என்பது அவர் கவலை. "நான் கடேசில வர்றேங்கய்யா. யாரு கண்ணுலயும் படமாட்டேன்" என்று அவரைச் சமாளித்தாள். கிளம்பிய பிறகு பாதி நேரம் அவள்தான் முன்னால் போனாள்.

அவளிடம் இருந்தது அப்பா சந்தைக்கு பீன்ஸ் மூட்டை ஏற்றிப்போகிற பார் வைத்த ஆண்கள் சைக்கிள். புடவையோடு அதில் ஏற முடியாதென்று தம்பியின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். சமையல் சாமான்களோடு வேனில் வந்த சிஸ்டர் முகம் சுளித்து, "இதென்ன வேஷம் பிலோமி?" என்று கேட்டார். "சிஸ்டர், நீங்க வேன்ல வர்றீங்க" என்றாள். 

பக்திப் பயணம் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். நான் போய் வந்தவள், உள்ளதைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி தாண்டும்வரைதான் பக்தி. தருமபுரியில் தொடை, தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த விரல்கள், சேலம் போய்ச் சேர்ந்தபோது சீட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. உபதேசியார் ஜெபமாலையின் முன்பாதியைச் சொல்வார். பின்பாதியை நாங்கள் சொல்ல வேண்டும். மேட்டில் ஏறும்போது எங்கள் பாதி வெறும் மூச்சாகத்தான் வரும். பிலோமி அந்த மூச்சிலும் சேரவில்லை. ஆனால் வழி முழுக்க அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது. தனியாக ஏதோ ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

நாமக்கல்லுக்கு அந்தப்பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மா ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டுதல் என்று கேட்டு உச்சுக்கொட்டிக்கொண்டே டீ ஆற்றினார். பிலோமியின் முறை வந்தது.

"வேலைங்க" என்றாள்.

"கெடைக்கணும்னா?"

"இல்லீங்க. கெடைக்கல, அதுக்கு."

 அந்த அம்மா அவள் கையில் இன்னொரு வடையை வைத்தார். எங்களுக்கெல்லாம் ஒன்றுதான்.

திருவாரூர் தாண்டியதும் கடற்காற்று எதிரே அடித்தது. அதுவரை வந்த மேடெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. மிதித்தால்தான் நின்ற இடத்திலேயே நிற்க முடியும், நிறுத்தினால் சைக்கிள் பின்னால் போகும் போலிருந்தது. உபதேசியார் ஐயாவின் முட்டி வீங்கிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் காலி லாரி ஒன்று வந்தது. சேலத்துக்கார டிரைவர், நல்ல மனுஷன், எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், கொஞ்சத்துக்கு மாதா கோச்சுக்க மாட்டாங்க" என்றான் அந்தோணி. ஐயா வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிள்களை ஏற்றத் தொடங்கினார்கள். என்னுடையதையும் கொடுத்தேன். மனசார, சந்தோஷமாகக் கொடுத்தேன்.

பிலோமி மட்டும் தன் சைக்கிளைக் கொடுக்கவில்லை.

"உனக்கு நேர்ச்சையே கிடையாதே, பிள்ள. நீ முதல்ல ஏறும்மா" என்றார் ஐயா.

"நேர்ச்சை இருக்கறவங்க ஏறுங்கய்யா. கெடச்சவங்க எப்பிடி வேணா போலாம். எனக்குக் கெடைக்கல, நான் மிதிச்சுத்தான் போவணும்."

ஏறினாள், போனாள். காற்றில் அவள் சட்டை பின்னால் புடைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் லாரியை விட்டு இறங்கினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நானும் அந்தோணியும் மட்டும் இறங்கினோம். அவளை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே சைக்கிளை இறக்கினேன். எனக்குக் கிடைத்த வேலைக்காக நான் மிதிக்க வேண்டிய தூரத்தை, கிடைக்காதவள் மிதித்துக்கொண்டு போகிறாள். அதை லாரியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியவில்லை. பக்தி இல்லை அது, வெட்கம்.

சந்நிதியில் எங்கள் இருவர் கையிலும் மெழுகுதிரி, மாலை. அவள் வெறுங்கையோடு வரிசையில் வந்தாள். மாதாவை நேருக்கு நேர் பார்த்தாள். பின்னால் இருந்தவர்கள் தள்ளும்வரை நின்றாள். அப்புறம் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"என்ன கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்? திட்றதுக்குல்ல வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"வழி முழுக்க திட்டிகினுதான் வந்தேன், தெரேசா. ஏன் எனக்கு இல்லன்னு. ஓசூர்ல குந்திகினு திட்டினா அது மரியாதையா? கோவம்னா நேர்ல போயிக் காட்டணும். வீட்டுக்குள்ளயே வச்சிகினு இருந்தா, கொஞ்ச நாள்ல அவங்க யாரோ நாம யாரோன்னு ஆயிடும்."

"திட்டுனியா?"

"எங்க? கிட்ட போனதும் எல்லாம் மறந்துடுச்சி. காலு வலிக்குதும்மான்னு மட்டுந்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு அழுதாள். வேலை போன அன்று அழாதவள் அங்கே அழுதாள். நானும் அழுதேன். அந்தோணி எங்களுக்குச் சுண்டல் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

மாதா அவள் கணக்கை நேர் செய்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னும் அவளுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. தொழிற்பேட்டையில் அவள் படியேறாத கம்பெனி இல்லை. சில மாதம் ஒன்றில், சில மாதம் மற்றொன்றில், வேலை இல்லாதபோது ரோஜாத் தோட்டத்தில். கல்யாணப் பேச்சும் வந்து வந்து போனது. நான் சலித்துக்கொள்வேன், அவளுக்காகவும் எனக்காகவும். மறுபடி ஒருமுறை வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போவோமா என்றால், "ஒரு வாட்டி சொன்னாச்சில்ல. அவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பாள்.

ஒருசமயம் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று லைனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிலோமி விடுப்பு எழுதவைத்து என்னைப் பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப்போனாள். "மனசுக்குள்ளயே திட்டாத. ஊருக்குப் போயி மூஞ்சிக்கு நேரா திட்டிட்டு வா" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். போனேன், திட்டினேன். அண்ணன் திருப்பித் திட்டினான். அண்ணி மீன்குழம்பு வைத்தாள். இன்றைக்கு எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்றால் அந்தப் பஸ்ஸால்தான்.

இந்த வருஷம் அவளுக்குக் காமாலை வந்தது. ஊரில் பச்சிலை கொடுத்தார்கள். கேட்கவில்லை. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன். பிலோமி பிழைத்து எழுந்தால் மறுபடி சைக்கிள் மிதித்தே வருகிறேன் என்று. உபதேசியார் ஐயாவிடமும் சொல்லி வைத்தேன். அவளிடம் சொன்னபோது, கண்ணெல்லாம் மஞ்சளாக என்னைப் பார்த்து, "உன் முட்டிக்கு அதெல்லாம் ஆவாது" என்று சிரித்தாள். நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை.

அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், இவ்வுலகில் நாம் எல்லோருமே தற்காலிகமானவர்கள் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வெளியே போயிருப்பேன். தற்காலிகம் என்றால் என்ன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட் பாஸைத் திருப்பிக்கொடுத்துத் தெரிந்துகொண்டவள் அந்தப் பெட்டிக்குள் இருந்தாள். எனக்கு அழுகையும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. ஷிப்டு என்று சொல்லிக்கொண்டேன். ஷிப்டு இல்லை. மாதாவின் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியே விட்டிருந்தால் விட்டதுதான். பதினைந்து வயதில் என் அம்மா செத்தபோதும் விடாத ஜெபம், இந்த நாற்பதை நெருங்கும் வயதில் சத்தமில்லாமல் போயிருக்கும்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவளுடைய விசுவாசத்தை இல்லை. அது எனக்கு வராது. கோபம் இருக்கிற இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் உபதேசியார் ஐயா வீட்டுக்குப் போனேன். இந்த ஆண்டுக் குழு கிளம்பப்போகிறது. இப்போதும் அவர்தான் பெயர் சேர்க்கிறார். என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"உன் வேண்டுதல்தான் பலிக்கலையேம்மா. யாரும் உன்னை ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

"தெரியும் ஐயா. எனக்கு மாதாவோட நேர்ல ஒரு சண்டை இருக்கு. பேர சேத்துக்கிடுங்க" என்றேன்.