ஓதிலியா எடுத்துக்கொண்ட ஆள்

எங்கள் படகுத்துறையில் மீன் வறுத்து விற்கும் பெண்கள் பதினோரு பேர். அவர்களில் வாயாடி ஓதிலியா. அவளிடம் பேரம் பேசியவன் எவனும் திட்டு வாங்காமல் மீன் வாங்கியதில்லை. நான் அவளைப் புகழத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் இதை மறைக்கப் போவதில்லை. என் தொழில் கல்லறைகளுக்கு எழுத்து எழுதுவது. சண்டை நடந்த வருடங்களில் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊரை ஒட்டி ஓடும் மக்தலேனா ஆறு அப்போது மீனோடு ஆட்களையும் கொண்டுவந்தது. மலையில் கெரில்லாக்கள், சமவெளியில் பண்ணைக்காரர்களின் துப்பாக்கிப் படை, நடுவில் ராணுவம். யார் யாரைக் கொன்றது என்று வாய்விட்டுக் கேட்டவன் அடுத்த வாரம் தானும் மிதந்தான். மீனவர்கள் கரைக்கு இழுத்துவந்தவர்களைக் கல்லறைச் சுவரில் ஆள் நீளத்துக்குக் குடைந்திருந்த மாடங்களில் வைத்து, பெயர் தெரியாததால் ஓர் எண்ணை மட்டும் எழுதி மூடினார்கள்.

எங்கள் ஊர் சனம் அதோடு விட்டுவிடுமா? ஆளுக்கொரு பிணத்தை எடுத்துக்கொண்டார்கள். பிடித்த மாடத்தின் மேல் 'எடுத்தாயிற்று' என்று என்னை எழுதச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அதை வேறு யாரும் தொடக் கூடாது. திங்கட்கிழமை தோறும் கல்லை மூன்று முறை தட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, வேண்டியதைக் கேட்பார்கள். லாட்டரி எண், மருமகளுக்குக் குழந்தை, ஓடிப்போன புருஷன். கேட்டது நடந்தால் அந்த ஆளுக்குப் பூ கிடைக்கும், ஒரு பெயர் கிடைக்கும். நடக்காவிட்டால் வசவு. ஒரே பிணத்துக்காக முடியைப் பிடித்துக்கொண்ட இரண்டு பெண்களை நானே விலக்கிவிட்டிருக்கிறேன்.

ஓதிலியாவின் ஒரே மகனைப் பத்தொன்பது வயதில் பந்து மைதானத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலைப் படையா, சமவெளிப் படையா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு வருடம் அலைந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை அவள் முப்பத்தெட்டாம் எண் மாடத்தின் முன்னால் வந்து நின்றாள். நான் பக்கத்தில் ஒரு சிலுவைக்குக் கறுப்படித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாப்பா, நீ யாரு பெத்த புள்ளையோ எனக்குத் தெரியாது. நான் ஒன்னைப் பாத்துக்கறேன். எம்புள்ள எங்க கெடந்தாலும் எவளாவது ஒருத்தி அவனைப் பாத்துக்கணும். அவ்வளவுதான். லாட்டரி கீட்டரியெல்லாம் எனக்கு வேணாம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய் ரூபியேல், என்ன வேடிக்கை? நீல பெயின்ட் இருக்கா? அந்த நம்பரை அழிச்சுட்டு அன்செல்மோன்னு எழுது. புள்ளைக்கு நம்பரா வைப்பாங்க?"

எழுதினேன். அந்த எண்ணை அழித்தது என் கைதான்.

நான்கு வருடம் கழித்து, சொந்தக்காரர் கேட்டு வராத மாடங்களைக் காலி செய்து எலும்புகளைப் பொதுக்குழியில் கொட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஓதிலியா அன்று மத்தியானமே, குழிவெட்டி சாப்பிடப் போன நேரம் பார்த்து, என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அன்செல்மோவை வெளியே எடுத்து, ஒவ்வோர் எலும்பாகச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைத் துணியில் கட்டி, செத்துப்போன தன் புருஷன் இருந்த மாடத்தில் அவர் பக்கத்திலேயே வைத்தாள். "கொஞ்சம் நவுந்து படுய்யா" என்று புருஷனிடமும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கல்லறைப் பதிவேட்டில் முப்பத்தெட்டாம் எண் பொதுக்குழிக்குப் போய்விட்டதாகவே எழுதப்பட்டது.

அப்புறம் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு வருடம், காணாமல் போனவர்களைத் தேடும் ஆட்கள் வந்து பள்ளிக்கூடத்தில் மேசை போட்டார்கள். ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களிலிருந்து அம்மாக்கள் பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்தபடி படகில் வந்தார்கள். அவர்களுக்கு மீனும் வாழைக்காய் வறுவலும் பரிமாறும் வேலை ஓதிலியாவுக்கு. அவர்களில் எர்மெலிந்தா என்ற ஒல்லியான அம்மா, மேசையில் இருந்த அதிகாரியிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"எம்மவன் வில்மார். எட்டு வயசுல கொய்யா மரத்துலேருந்து விழுந்து எடது கை ஒடஞ்சுது, டாக்டரம்மா. எலும்பு கட்டுறவர் கோணலா கட்டிட்டாரு. மணிக்கட்டுக்கு மேல மேடு தட்டியிருக்கும்."

எங்களுக்கு அடையாள அட்டை மாட்டிய எல்லோரும் டாக்டர்தான். அந்த டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினாள். பிணம் கிடைத்த தேதி பொருந்தியது, அதன் மேலிருந்த சட்டை பொருந்தியது. "முப்பத்தெட்டு. ஆனா பொதுக்குழிக்குப் போயிருக்கே அம்மா. அங்க நூத்துக்கணக்கான பேர் கலந்து கெடக்கறாங்க. நம்பிக்கை குடுக்க முடியல, மன்னிச்சிருங்க" என்றாள்.

ஓதிலியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அந்த மேட்டை நான் தொடைச்சிருக்கேன்டா. இந்த வெரலால."

"அக்கா, வாயைத் தெறக்காத. எலும்பைத் திருடுனோம்னு ரெண்டு பேரையும் உள்ள வப்பாங்க."

"ஒன்னை எவன் வப்பான்? களி திங்கறதுக்கு நீ ஆகமாட்ட." வழக்கமான கேலிதான். குரல் மட்டும் வழக்கமாக இல்லை. "என் பயம் அது இல்லடா. நான் இவனைப் பாத்துக்கற வரைக்கும் எம்புள்ளைய எவளோ பாத்துக்கறா. இவனைக் குடுத்துட்டா, அங்க அவளும் விட்டுட்டான்னா?"

பதினைந்து வருடமாக அவளை எழுப்பி உட்கார வைத்தது அந்த ஒரு பேச்சுதான். சும்மா இருந்துவிடு என்றுதான் நான் மறுபடியும் சொன்னேன். பயந்தாங்கொள்ளி நான், அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விடுவிடென்று உள்ளே போய், எர்மெலிந்தாவின் முன்னால் நின்றாள்.

"ஒங்க புள்ள பொதுக்குழியில இல்ல. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்கான். நான்தான் தூக்கிட்டுப் போனேன். அன்செல்மோன்னு கூப்புட்டுட்டேன், பேர் தெரியாமப் போச்சு."

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இது சட்டப்படி குற்றம், தெரியுமா? நீங்க இப்படி இடம் மாத்தினதுல எத்தனை பேரை எங்களால அடையாளம் காண முடியாமப் போச்சு தெரியுமா?"

"தெரியாது. இப்ப தெரியுது. திட்டு தாயி, வாங்கிக்கறேன்" என்றாள் ஓதிலியா. வாழ்நாளில் அவள் பதில் பேசாமல் வாங்கிக்கொண்ட ஒரே திட்டு அதுதான். திட்டி முடித்ததும் என்னை நோக்கிக் கைகாட்டி, "நம்பரை அழிக்கச் சொன்னதும் நான்தான். அவன் சொன்னதைச் செய்யறவன்" என்றாள்.

மறுநாளே ஊரில் பலர் வரிசையில் வந்து நின்று, தாங்கள் இடம் மாற்றியவர்களைப் பற்றிச் சொன்னார்கள். அவள் முதலில் வாய் திறந்திருக்காவிட்டால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பரிசோதனை முடிவு வர பத்து மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதமும் எலும்புகள் தலைநகரில் இருந்தன, ஓதிலியா திங்கட்கிழமைகளில் புருஷன் மட்டும் இருந்த மாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வைக்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். வில்மார்தான் என்று உறுதியானது. ஒப்படைக்கும் நாளன்று ஒரு சின்ன மரப்பெட்டியை எர்மெலிந்தாவின் மடியில் வைத்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து அந்தக் கோணல் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓதிலியாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"பதினஞ்சு வருசம் இவங்கிட்ட என்ன கேட்டீங்க?"

ஓதிலியா சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. கடைசியில், "இனிமே அதை யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல தாயி" என்றாள்.

எர்மெலிந்தா பெட்டியை மூடினாள்.

"எங்க ஊர்க் கல்லறைச் சுவத்துலயும் பேரில்லாம ஏழு பேர் கெடக்கறாங்க. எம்மவனும் இப்படித்தான் செத்திருப்பானோன்னு பயந்து, ஒரு நாளும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. ஒரு டம்ளர் தண்ணி வச்சதில்ல." ஓதிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட கேளுங்கக்கா. வர்ற திங்கக்கெழமையிலேருந்து ஏழு பேரையும் நான் பாத்துக்கறேன். ஒங்க புள்ளையப் பத்திச் சொல்லுங்க."

படகுக்காரன் ஹாரன் அடித்தான். ஓதிலியா அவனைப் பார்த்து, "இருடா, தலை போற அவசரமா?" என்று கத்திவிட்டு, எர்மெலிந்தாவின் பக்கம் திரும்பினாள்.

"பேரு டாய்ரோ. ஒயரமா இருப்பான். தண்ணியை ஐஸ் போட்டுத்தான் குடிப்பான்."