காது கிழிந்த யானை பகலில் நிற்கும் இடம்

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்கந்தபுரத்திலிருந்து குணம் அழைத்தான். "தாசண்ணை, அக்காவை யானை அடிச்சுப்போட்டுது" என்றான். எந்த அக்கா என்று கேட்க வாயெடுத்தேன். குணத்துக்கு இருந்தது ஒரே அக்காதான்.

தவமணி அக்காவை இந்த மடலை வாசிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். வயல் செய்தவர். ஸ்கந்தபுரத்தில் காட்டு விலங்குகளைப் பதிவு செய்யும் குழுவை நடத்தியவர். முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் ஆமைகளையும் கடல் உயிர்களையும் பதிவு செய்கிறோம். இரு குழுக்களையும் சேர்த்துக் கட்டியது அவர் வைத்த விதிதான்: ஓர் ஊரார் கண்டதை மற்ற ஊரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் மட்டுமே அது பதிவு. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மற்ற ஊரான் வந்து பாத்துச் சொல்லட்டும்" என்பார். விலங்கு தங்கும் சரியான இடம் கண்டவருக்கும் பார்க்க வந்தவருக்கும் மட்டுமே தெரியும். மூன்றாமவரிடம் போனால் வேட்டைக்காரனிடம் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

அந்த விதியால் அவரே கடலுக்கு வரவேண்டியதாயிற்று. டொல்பின் கூட்டம் பார்க்கப் போனோம். படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். கரை மறைந்ததும், "தம்பி, இது உம்மடை இடம். உம்மடை மாதாவையும் ஒருக்காக் கூப்பிடும்" என்றார். டொல்பின் துள்ளிய நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்டார். இன்னொருமுறை துள்ளாமல் கரைக்குத் திரும்பக்கூடாது என்று ஒரே பிடிவாதம். மத்தியானம்வரை வெயிலில் கருவாடாகக் காய்ந்தோம்.

பிறகு என் முறை. கடற்கரையில் பிறந்த எனக்குக் காடு பழக்கமில்லை. காது கிழிந்த தனியன் யானை ஒன்று பகலில் ஒதுங்கும் இடத்தைக் காட்டக் கூட்டிப்போனார்.

"பயமா தம்பி?"

"ஓம் அக்கா."

"நல்லது. பயமில்லாதவையை நான் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறேல்லை. அவை சத்தம் போடுவினம்."

தூரத்தில் நின்று பார்த்தோம். மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு நின்றது. அக்கா என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்.

அதே யானைதான் வயல் வரம்பில் வைத்து அவரை அடித்தது.

செத்தவீட்டில் குணமும் இன்னும் சில வயல்காரரும் என்னைப் பந்தலுக்கு வெளியே கூட்டிச் சென்றார்கள். "அவன் எங்கை நிக்கிறவன் எண்டு இப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றான் குணம்.

மிச்சம் என்னவென்று தெரியும். பூசணிக்காய்க்குள் வெடி வைப்பார்கள். வாய் சிதறிய யானை உடனே சாகாது. பட்டினியோடு அலைந்து கண்டவரையெல்லாம் துரத்தும். வனவிலங்கு அதிகாரிகளுக்கு மட்டும் சொல்கிறேன் என்றேன்.

"அவை வந்து பிடிக்கிறதுக்கிடையிலை இன்னொரு ஆள் செத்தால்? அந்தப் பழி உங்கடை தலையிலைதான்."

எனக்குக் கோபம் வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு நிற்பவனிடம் என்ன கோபத்தைக் காட்டுவது? அவன் சொன்னதில் பிழையும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது.

அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டேன். யானையை இடம் மாற்ற நாளெடுக்கும் என்கிறார்கள். அதுவரை ஸ்கந்தபுரத்து வயல் காவலுக்குக் கரையிலிருந்து முறைவைத்து ஆள் போகிறோம். இரண்டு குழுவும் இன்னும் முகம் பார்த்துக் கதைக்கிறதென்றால் அதனால்தான். வராதவர்களையும் இதன்மூலம் கேட்கிறேன், வாருங்கள்.

அக்காவின் படம்கூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இடம் ஒன்றுதான். நேற்றுக் காவலுக்குப் போயிருந்தபோது குணத்தின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்பால் தனியே போவதைக் கண்டேன். குணம் என் பக்கத்தில்தான் நின்றான். அந்த இடம் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.